இடம் மாற்றம்

திருநெல்வேலியில் ஒரு கடை திறக்கப் போகிறது என்றால் ஊருக்குத் தெரிவதற்குப் பத்து நாள் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். வண்ணார்பேட்டையில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை ஒன்றில் டிசைனராக இருக்கிறேன். ஒன்பது வருஷமாகிறது. பிரியாணிக் கடை, மொபைல் கடை, மெடிக்கல், பியூட்டி பார்லர், நாய்க்குட்டி விற்கிற கடை என்று எல்லாவற்றின் முதல் எழுத்தும் என் கம்ப்யூட்டரில்தான் விழும்.

திறக்க வருகிறவர்கள் தனியாக வருவதில்லை. புருஷன் பொண்டாட்டியாக வருவார்கள், இல்லையென்றால் மச்சினனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பெயரை ஒரு தாளில் எழுதி மஞ்சள் தடவி வைத்திருப்பார்கள். நியூமராலஜி பார்த்த பெயர் என்பதால் ஓர் எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பெயர்ப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 கணக்கில் எழுத்து இருக்கவேண்டும் என்று அரசு விதி இருக்கிறது. அதைச் சொன்னால், "ஆங்கிலத்தைக் கொஞ்சம் பெருசா வைங்க தம்பி, அதான் கெத்தா இருக்கும்" என்பார்கள். அப்புறம் மேலே சாமி படம், ஓரத்தில் இறந்துபோன தாத்தா படம், நடுவில் 'புதிய உதயம்'. எல்லாக் கடையும் எங்கள் ஊரில் சூரியன் மாதிரி உதயமாகத்தான் செய்யும். திறப்பு நாளன்று வாசலில் வாழைமரம், விடியக்காலையில் கணபதி ஹோமம், இப்போது புதுசாகச் செண்டை மேளம். முதல் நூறு பேருக்கு ஏதாவது இலவசம்.

மூட வருகிறவர்கள் தனியாகத்தான் வருவார்கள். பெரும்பாலும் மத்தியானம் இரண்டு மணிக்கு, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து. அவர்களுக்கென்று இருக்கிற வாசகங்கள் மொத்தம் நாலுதான். 'ஸ்டாக் க்ளியரன்ஸ்'. 'அடக்க விலைக்கே'. 'கடை காலி செய்வதால்'. நாலாவது, 'இடம் மாற்றம்'. 'மூடுகிறோம்' என்று போடச் சொல்லி இதுவரை ஒருத்தர்கூட வந்ததில்லை.

அது நம் கடைக்காரர்களின் பழைய பாஷை. ராத்திரி ஷட்டரை இறக்கும்போதுகூட மூடுகிறேன் என்று சொல்லமாட்டார்கள். "கடை எடுத்து வச்சாச்சு" என்பார்கள். சரக்கு இல்லையா என்று கேட்டால் இல்லை என்ற சொல் வராது, "நாளைக்கு வரும்" என்று பதில் வரும். விளக்கை அணைத்தேன் என்று சொல்லாமல் குளிர வைத்தேன் என்று சொன்ன வீடுகளில் வளர்ந்தவர்கள். அந்த நாக்குக்கு 'மூடல்' என்ற வார்த்தை புரளாது.

*

திருநெல்வேலி 1994இல் மாநகராட்சியானது. 2011 கணக்குப்படி நாலே முக்கால் லட்சம் ஜனம். மதுரை அளவுக்குப் பெரிய ஊர் இல்லை, எல்லாரும் எல்லாரையும் தெரிந்துவைத்திருக்கிற சின்ன ஊரும் இல்லை. இந்த மாதிரி ஊரில் வியாபாரம் ஓரிடத்தில் நிற்காது. டவுனில் ரதவீதிகளைச் சுற்றி இருந்தது, ஆற்றைத் தாண்டி வண்ணார்பேட்டைக்கு வந்தது, அங்கிருந்து பைபாஸ் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. 1924இல் டவுனில் தொடங்கிய ஆரெம்கேவிக்கே இன்று வண்ணார்பேட்டையில் பெரிய ஷோரூம் இருக்கிறது. பார்க்கிங் இல்லாத தெருவில் கார் வைத்திருப்பவன் துணி எடுக்கமாட்டான். பெரிய கடை கூட்டத்தின் பின்னாலேயே போய்விடும். சின்னக் கடைக்குக் கால் கிடையாது. அது கூட்டம் வருகிற இடத்தில் உட்கார்ந்து காத்திருக்கும்.

போர்டு எழுதுகிற எனக்கு இந்த ஊரில் ஒரு பெரிய அவமானம் உண்டு. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே சாயங்காலம் திறந்து, அல்வா தீர்ந்ததும் எடுத்து வைத்துவிடுகிற இருட்டுக்கடைக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. சித்தப்பாதான் இதைச் சொல்லி என்னைக் கிண்டல் பண்ணுவார். "ஏல, போர்டு வச்சா யாவாரம் வராது. யாவாரம் வந்தா போர்டு வேண்டாம்."

சித்தப்பாவுக்கு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பைக்கடை. ரெக்ஸின் பை, ட்ராலி, ஸ்கூல் பை விற்பார். ஆனால் கடை ஓடியது ஜிப்பில். ஊருக்குக் கிளம்புகிறவனுக்குத்தான் கடைசி நிமிஷத்தில் ஜிப் பிய்ந்துபோகும். பஸ் புறப்படப் பத்து நிமிஷம் இருக்கும்போது பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடிவருவான். சித்தப்பா கொறடால் பழைய ரன்னரைக் கழற்றி, புதுசை ஏற்றி, நுனியில் மெழுகு தேய்த்து, ஒருமுறை இழுத்துக் காட்டி அனுப்புவார். இருபது ரூபாய். அப்படி வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த தடவை புதுப் பை வாங்குவார்கள்.

2018 கடைசியில் ஸ்மார்ட் சிட்டி வேலைக்காக அந்தப் பஸ் ஸ்டாண்டை இடித்தார்கள். புதுசாகக் கட்டி, அடுக்கடுக்காகப் பார்க்கிங், கடைகள் எல்லாம் வரும் என்றார்கள். பஸ்கள் வேறு வேறு இடத்தில் நிற்க ஆரம்பித்தன. தகரத் தடுப்பு எழுந்தது. சந்தில் இருந்த கடைக்காரர்கள் எல்லாருக்கும் சந்தோஷம்தான். கட்டி முடித்தால் கூட்டம் இரண்டு மடங்காகும், ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஐந்து வருஷத்துக்கும் மேல் ஆனது.

நடுவில் 2020 மார்ச் ஊரடங்கு. வெளியே இருந்து பார்த்தால் மூடவேண்டிய நாள் ஒன்று இருந்தது போலத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு அப்படி ஒரு நாள் தெரியவே தெரியாது. "தீவாளிக்குத் திறந்துருவாங்கன்னு சொல்லுதாங்க", "பொங்கலுக்குக் கட்டாயம்", "ஆனி திருவிழாவுக்குள்ள". ஒவ்வொரு தேதியும் ஆறு மாத தூரத்தில்தான் இருந்தது. ஆறு மாதம் யாரும் தாக்குப்பிடிப்பார்கள். வாடகை பாக்கியை ஓனர் அட்வான்ஸில் கழித்துக்கொண்டே வந்தார். அட்வான்ஸ் கரைந்த பிறகு தண்டல். காலையில் நூறு ரூபாய் போணி ஆகவில்லை என்றாலும் தண்டல்காரர் சாயங்காலம் வந்துவிடுவார். சித்தி நகை போனது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

2023 ஆடி மாதம், மத்தியானம் இரண்டு மணிக்கு, சித்தப்பா தனியாக எங்கள் கடைக்கு வந்தார். நான் எழுந்து நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"ஒரு பேனர் அடிக்கணும். மூணுக்கு ரெண்டு போதும்."

"என்ன போட, சித்தப்பா?"

"இடம் மாற்றம்."

"புது அட்ரஸ் சொல்லுங்க, கீழ போட்டுருதேன்."

கொஞ்ச நேரம் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "விரைவில்னு போடு. செல் நம்பரைப் பெருசாப் போடு."

சிவப்பு வேண்டாம், பச்சையில் போடு என்றார். போட்டேன். காசு வாங்கமாட்டேன் என்றதற்குக் கோபப்பட்டு, கல்லாவில் வைத்துவிட்டுப் போனார்.

ரேக்குகளை வாங்கிப்போக ஒருவர் வந்தார். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மூடுகிற கடையின் கண்ணாடி ஷோகேஸ், இரும்பு ரேக், சுழல் நாற்காலியைப் பாதி விலைக்கும் கீழே எடுத்து, திறக்கிற கடைக்குத் தள்ளுவார்கள். சித்தப்பாவின் ஷோகேஸை மூன்று மாதம் கழித்து பாளையங்கோட்டையில் ஒரு மொபைல் கடைத் திறப்பில் பார்த்தேன். ஓரத்தில் அவர் ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அந்தக் கடைக்கும் 'புதிய உதயம்' போட்டது நான்தான்.

*

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஜங்ஷன் முழுக்கத் தண்ணீர். சித்தப்பாவின் பழைய சந்திலும் சரக்கெல்லாம் மிதந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் அவரிடம், "நல்லவேளை வே, முன்னாலயே காலி பண்ணிட்டீரு" என்றார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னார்.

"அஞ்சு மாசம் பொறுத்திருந்தா, தண்ணி கொண்டுபோச்சுன்னு சொல்லிருக்கலாம்லா."

இந்த வாக்கியத்தை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். வெள்ளத்தில் கடை போனவனுக்கு ஊர் வந்து ஆறுதல் சொல்லும். படம் பிடிப்பார்கள், பேப்பரில் வரும். சும்மா கூட்டம் குறைந்து குறைந்து ஒருநாள் ஷட்டரை இறக்கியவனுக்குக் காரணம் சொல்ல ஒன்றுமில்லை. சாமர்த்தியம் போதவில்லை என்று ஊர் தானாக எழுதிக்கொள்ளும். ஊர் வளர்கிறது என்பதற்குத் திறப்பு விழாக்களை எண்ணுகிறோம். மூடியவற்றை எண்ண ஒரு நோட்டுக்கூட யாரிடமும் இல்லை. செத்தவனுக்குப் பதினாறு நாள் காரியம் இருக்கிறது. முப்பது வருஷம் திறந்திருந்த கடைக்கு ஒரு சூடம்கூடக் கிடையாது.

ஆனால் பச்சை எழுத்தில் போட்ட அந்த நம்பருக்குப் போன் வந்துகொண்டிருந்தது. "அண்ணாச்சி, கடை எங்க மாத்தியிருக்கீங்க? ஜிப் ஒண்ணு போகணும்." வீட்டுக்கு வரச் சொன்னார். வாசல் படியில் உட்கார்ந்து ரன்னர் மாற்றிக் கொடுத்தார். அது வருமானம் இல்லை, வாரத்துக்கு நாலு பை வந்தால் அதிகம். இருந்தாலும் பேனரில் போட்டது முழுப்பொய் இல்லை என்று ஆனது.

இப்போது அவர் பெரிய ஜவுளி ஷோரூம் ஒன்றில் லக்கேஜ் செக்‌ஷனில் இருக்கிறார். ஐம்பத்தெட்டு வயதில் யூனிபார்ம். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. ஸ்டூல் போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். "போட்டிருக்கான். உக்காந்தாத்தான் ஒரு மாதிரி இருக்கு. கஸ்டமர் நிக்கும்போது நான் எப்பம்ல உக்காந்தேன்?" என்றார். சம்பளம் ஒண்ணாந்தேதி வந்துவிடுகிறது. சித்தி அதில் நிம்மதியாக இருக்கிறாள். தண்டல்காரர் சத்தம் வாசலில் கேட்பதில்லை. இதை நஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை.

புதுப் பஸ் ஸ்டாண்ட் திறந்தாயிற்று. பஸ்கள் திரும்பி வந்துவிட்டன. பக்கத்திலேயே ஒரு பைக்கடைக்குப் போன மாதம் ஆர்டர் வந்தது. பையன் என் வயசுதான். பிராண்ட் பைகள், பளபளவென்று எல்.இ.டி. எழுத்து. ஜிப் மாற்றித் தருவீங்களா என்று சும்மா கேட்டேன். "அதெல்லாம் யாரு ப்ரோ பாக்கா இப்ப" என்றான்.

சித்தப்பாவிடம் சொன்னேன். எங்கே, எந்தப் பக்கம், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று எல்லாம் விசாரித்தார். அப்புறம் வேறு ஏதோ பேசினார். கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"நம்ம பழைய போர்டு டிசைன் ஃபைல் உன்கிட்ட கெடக்கா?"

"இருக்கு, சித்தப்பா."

"சரி, கெடக்கட்டும். அழிச்சிராத."