கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் கோடை

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. ஊரிலிருந்து ஆராய்ச்சி என்றும் தொண்டு வேலை என்றும் விசா கேட்கும் பிள்ளைகளைப் பற்றி என் மேசையில் இருந்த ஒருவர் சொன்னார்: "அவையள் ஒருத்தரும் திரும்பிப் போறதுக்கு வாறேல்லை. எம்பசிக்காரன் மறுக்கிறதிலை ஒரு பிழையும் இல்லை." சொன்னவர் எண்பதுகளின் கடைசியில் ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்து, இந்த நாட்டின் இரக்கத்தால் வீடு வாசல் கண்டவர். மேசையில் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் என் மச்சாளின் குடும்பம் இருக்கிறது. மகள் கொழும்புக் கம்பஸில் விஞ்ஞான பீடம், மூன்றாம் வருடம். ஐரோப்பாவில் ஓர் ஆய்வுகூடம் அவளை இரண்டு மாதம் வந்து வேலை பழகச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. விசாவுக்கென்று கட்டிய பைலை வீடியோவில் எனக்குத் தாள் தாளாகக் காட்டினாள். அழைப்புக் கடிதம், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை விழுந்த பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடையில் கணக்கெழுதும் தகப்பனின் சம்பளச் சான்று, பாங்க் ஸ்டேட்மென்ட். அந்தக் கடைசித் தாளில்தான் வினை. கணக்கில் காசு காட்ட வேண்டும் என்று பெரியப்பா ஒருவர் அனுப்பிய பத்து லட்சம் அதில் திடீரென்று ஏறியிருந்தது. காட்டாவிட்டால் காசில்லை என்பார்கள். காட்டினால் எங்கிருந்து வந்தது என்பார்கள். மறுத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்புவாள் என்று நம்பப் போதிய பிணைப்பு இல்லையாம்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன பிணைப்பு இருக்கும்? உறுதி எழுதிய காணியா, கடையா, கட்டிய தாலியா? பாதியில் நிற்கிற பட்டம்தானே அவளுடைய பிணைப்பு. ஏ.எல் எழுதி, இசட் புள்ளிக்குக் காத்திருந்து, எத்தனை ஆயிரம் பேரைத் தாண்டி எடுத்த இடம் அது. அதை விட்டுவிட்டு ஒளிந்து பாத்திரம் கழுவ எந்தப் பிள்ளை ஓடும்?

ஐரோப்பாவை மட்டும் சொல்லி என்ன? நான் குடியுரிமை எடுத்த கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதி 179உம், தவணை முடிய வெளியேறுவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவேண்டும் என்றுதான் சொல்கிறது. இதே கனடா 2017இல், பல்கலைக்கழக ஆய்வுக்கு 120 நாள் வருகிறவர்களுக்கு வேலை அனுமதிப்பத்திரம் வேண்டாம் என்று பெரிய மனதோடு அறிவித்தது. ஆனால் கொழும்புப் பிள்ளைக்கு விசா வேண்டும். விசாவுக்கும் கைரேகைக்கும் 185 டொலர், நாற்பதாயிரம் ரூபாயளவு. மறுத்தாலும் அந்தக் காசு திரும்பாது.

இவ்வளவும் எனக்குச் சுடுவதற்குக் காரணம், இந்த நாட்டின் கோடையை நான் மனதார மெச்சுகிறேன் என்பதுதான். ஜனவரி பிறந்ததும் இங்குள்ள பிள்ளைகள் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதத் தொடங்குவார்கள். இரண்டாம் வருடப் பிள்ளை, ஒரு சிபாரிசும் இல்லாமல், "உங்கள் கட்டுரையை வாசித்தேன், அதில் ஒரு சந்தேகம்" என்று எழுதும். பேராசிரியர் பதில் போடுவார். மத்திய அரசின் என்சேர்க் உதவித்தொகை கிடைத்தால் 6,000 டொலர். அதற்கு மேல் பல்கலைக்கழகம் சேர்த்துப் போடும். மே முதல் ஆகஸ்ட் வரை அந்தப் பிள்ளை ஆய்வுகூடத்தில் ஓர் ஆள். முதல் மாதம் குடுவை கழுவும், இரண்டாம் மாதம் பிழையாக அளக்கும், மூன்றாம் மாதம் பேராசிரியரிடமே "இது சரிவராது" என்று சொல்லும். கொழும்பில் நான் படித்த காலத்தில் விரிவுரையாளரின் கதவைத் தட்டவே துணிவு வராது. இப்படியொரு பயிற்சியை வேறெங்கும் நான் கண்டதில்லை.

அந்த என்சேர்க் பணம் கனடியருக்கும் இங்கு நிரந்தரமாகத் தங்க உரிமை பெற்றவர்களுக்கும்தான். வெளிநாட்டு மாணவருக்கென்று மிட்டாக்ஸ் குளோபலிங்க் என்ற கோடை ஆய்வுப் பயிற்சி இருக்கிறது. சென்னைப் பிள்ளைகள் அதில் வருடாவருடம் வரலாம், கொழும்புப் பிள்ளையின் நாடு நான் பார்த்த பட்டியல்களில் இல்லை. ஜெர்மனியின் வைஸ் திட்டம் இந்திய மாணவருக்கென்றே அமைந்தது. எங்கள் பொறியியல் பிள்ளைகளுக்கு ஐஏஸ்ட் பயிற்சிப் பரிமாற்றம், மருத்துவப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சங்கத்தின் பரிமாற்றம், தொண்டுக்கு ஐசெக். வழி இல்லாமல் இல்லை. கடைசியில் எல்லாம் அந்த பாங்க் ஸ்டேட்மென்டில் வந்து முட்டும். அதற்கு முன்பே இலங்கையும் தன் பங்குக்குத் தடை போடும். 2024இல் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் மே மாதம் தொடங்கி ஜூலை வரை இழுத்தது. புள்ளிச் சான்றிதழ் கேட்டுப் போன பிள்ளை பூட்டிய கந்தோரைப் பார்த்துத் திரும்பவேண்டியதுதான்.

ஆனாலும் எங்கள் பெடியளைக் குறைத்துப் பேச நான் விடமாட்டேன். கூகுள் 2005இல் சமர் ஒஃப் கோட் என்று ஒரு கோடைத் திட்டம் தொடங்கியது. மாணவர் இருந்த இடத்தில் இருந்தபடி திறந்தமூல மென்பொருள் எழுதலாம், காசும் கிடைக்கும். முதல் பத்து ஆண்டுகளில் அதற்கு உலகிலேயே அதிக மாணவரைக் கொடுத்தது எது? மொறட்டுவைப் பல்கலைக்கழகம். வெள்ளவத்தை ஒழுங்கையில் போடிங் எடுத்து, காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ் பிடித்துக் கட்டுபெத்தையில் இருக்கிற அந்தக் கம்பஸுக்குப் போகிற பெடியளை எனக்குத் தெரியும். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோதும் கரண்ட் வருகிற நேரம் பார்த்து எழும்பிப் படித்தவர்கள். திறமையை மட்டும் கேட்ட இடத்தில் மொறட்டுவை முதலாவது. தகப்பனின் கணக்கைக் கேட்கிற இடத்தில் அதே பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள்.

என் தம்பியின் மகள் இந்தக் கோடையில் கிளிநொச்சியில் ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறாள். நல்ல மனம், வேலையும் நல்ல வேலை. கனடியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு அவள் விசாவுக்கு விண்ணப்பித்தபோது, திரும்பி வருவாயா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவள் படிப்பிக்கப் போகிற ஊரில், அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பிள்ளை எட்டு வாரம் ரொறொன்ரோவுக்கு வர எத்தனை தாள் காட்டவேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

இங்குள்ள பல்கலைக்கழகங்களில் எங்களுடைய பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். ஒரு கோடைக்கு ஒரு கொழும்புப் பிள்ளையை எடுங்கள். அழைப்புக் கடிதத்தில் சம்பளம், தங்குமிடம், தொடங்கும் நாள், முடியும் நாள் எல்லாம் தெளிவாக எழுதுங்கள்; பெரியப்பாக்களின் பத்து லட்சத்துக்கு வேலை இல்லாமல் போகும். அடுத்த தவணை எப்போது தொடங்குகிறது என்று பிள்ளையின் பீடாதிபதியிடம் ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்கள், பைலில் அது முதல் தாளாக இருக்கட்டும். வருடாவருடம் மண்டபம் எடுத்து இராப்போசனம் வைக்கிற கொழும்புப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் விசாக் கட்டணத்தையும் விமானச் சீட்டையும் பொறுப்பெடுக்கட்டும். ஒக்டோபரிலேயே கடிதம் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மார்ச்சில் எழுதினால் மே மாதத்துக்கு விசா வராது.