ஜெபித்தவனே பதிலானான்

பல சபைகளில் மாதத்துக்கு ஒரு முறை மிஷனரி ஜெபம் நடக்கும். சுவரில் உலக வரைபடம் மாட்டியிருக்கும். ஒவ்வொரு நாட்டின் பெயரையும் சொல்லி, "ஆண்டவரே, அங்கே ஊழியர்களை அனுப்பும்" என்று கண்ணீரோடு கேட்பார்கள். ஆமென் சொன்னதும் டீ, பிஸ்கட். அப்புறம் வீடு. அந்த ஜெபத்தில் வாய்விட்டுச் சொல்லாத இரண்டு வார்த்தைகள் ஒளிந்திருக்கும்: "என்னைத் தவிர."

மத்தேயு சுவிசேஷத்தில் 9ஆம் அதிகாரத்தையும் 10ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால் ஒரு விஷயம் புரியும். அறுவடைக்கு ஆட்கள் வேண்டும் என்று ஜெபிக்கும்படி சீஷர்களிடம் இயேசு சொல்கிறார். அதிகாரம் முடிகிறது. அடுத்த அதிகாரத்தில் அனுப்பப்படுவது யார்? அதே சீஷர்கள்தான்! ஜெபிக்கச் சொல்லப்பட்டவர்களே ஜெபத்தின் பதிலாகிப் போனார்கள்.

இது வேதாகம காலத்தோடு முடிந்துவிடவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில் 1874ல் பிறந்தவர் வி.எஸ்.அசரியா. அப்பா அந்த ஊர் குருவானவர். அசரியா ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றி வாலிபர்களிடம் பேசி வந்தார். 1902ல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரி வேலை செய்வதைப் பார்த்தார். திருநெல்வேலியில் இவ்வளவு சபைகள் இருந்தும் இது ஏன் இல்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. 1903ல் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியபோதும் அவர் முன்னணியில் இருந்தார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்தியத் தலைமை. இதுதான் கொள்கை.

கொள்கை தயார். ஆனால் போவது யார்? மற்றவர்களைப் போகச் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தவருக்கு, அந்த அழைப்பு தனக்கும்தான் என்று உறைத்தது. 1909ல் பெரிய பொறுப்புகளை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு போனார். தெலுங்கு புது மொழி. வயது முப்பத்தைந்து. மனைவி அன்பு மரியம்மாளும் அந்த ஊழியத்தில் தோள் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு, 1910ல், எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அசரியா பேசினார். வந்திருந்தவர்களில் ஆசியர்கள் மிகச் சிலரே. மேல்நாட்டு மிஷனரிகள் இந்தியர்களுக்காகச் செய்த தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, அவர்களிடம் நட்பு வேண்டும் என்று கேட்டார். பலருக்கு அது கசந்தது. ஆனால் கிராமத்தில் இறங்கி வேலை செய்கிறவர் சொன்னதால் அந்தப் பேச்சுக்குக் கனம் இருந்தது. 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அதன் பிறகும் தோர்ணக்கல்லை விடவில்லை. 1945 ஜனவரி 1ல் அங்கேயே மரித்தார்.

அப்படியானால் எல்லாரும் பெட்டி கட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. மிசோரம் பெண்கள் 1910லிருந்து, சோறு வடிக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியாக எடுத்து வைக்கிறார்கள். ஒரு பிடி அரிசிக்கு என்ன விலை வந்துவிடும்? ஆனால் அந்தச் சபை பல ஊர்களுக்கு மிஷனரிகளை அனுப்புவதற்கு அந்த அரிசியும் ஒரு காரணம். சமையலறையை விட்டு நகராமலே அவர்கள் உலக ஊழியத்தில் பங்காளிகள்.

ஒருவருக்குத் தோர்ணக்கல், இன்னொருவருக்கு ஒரு பிடி அரிசி. கீழ்ப்படிதல் ஆளுக்கு ஆள் வேறுபடும். கீழ்ப்படியாமல் இருக்க மட்டும் யாருக்கும் விலக்கு இல்லை.

அடுத்த முறை "ஆட்களை அனுப்பும்" என்று ஜெபிக்கிறவர்கள், ஆமென் சொல்லுமுன் இரண்டு நிமிடம் அமைதியாக இருந்து பார்க்கட்டும். ஒருவேளை பதில் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம்.