மண் குதிரையும் ஆறும்

'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்கிறோமே, அது குதிரை இல்லையாம். 'மண் குதிர்', அதாவது ஆற்று மணல்மேடாம்! இப்படிச் சிலர் விளக்கம் சொல்கிறார்கள். கறம்பக்குடியில் என் மாமியாரிடம் சொன்னேன். "குதிர்னா நெல்லு கொட்டி வைக்கிறதுடீ" என்று சிரித்துவிட்டார். வாஸ்தவம்தானே? 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்பதும் அந்தக் குதிர்தான்.

எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் மண் குதிரைக்கா பஞ்சம்? அய்யனாருக்கு வேண்டிக்கொண்டு புரவி எடுப்பார்கள். வேளார் களிமண்ணில் வனைந்து, காயவைத்து, சூளையில் சுட்டுத் தருவார். சுடாத குதிரை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். எனக்கென்னவோ, பழமொழி குதிரையைத்தான் சொல்கிறது என்று படுகிறது.

கீரமங்கலம் பக்கம் வந்தால் குளமங்கலம் போய்வாருங்கள். வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். வாசலில் 33 அடி உயரக் குதிரைச் சிலை. மாசி மகத்தன்று காகித மாலையாகவே சாற்றுவார்கள், குதிரையே தெரியாது. மாலையை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.