வெள்ளைக்கு முன்னால் வெள்ளை

திருப்பூரில் ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்கு வெள்ளைப் பனியனை வெள்ளைப் பின்னணியில் எடுத்துக் கொடுக்கும் வேலை ஓயாமல் வரும். எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான். சிவப்போ நீலமோ என்றால் பின்னணி முன்னே பின்னே இருந்தாலும் துணி தப்பித்துக்கொள்ளும். வெள்ளையில் அந்தச் சலுகை இல்லை. பின்னணி சுத்தமாக வெளுக்க வேண்டும். அதே படத்தில் பனியனின் ஓரம் கரையாமல் நிற்கவும் வேண்டும்.

எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமேசானில் முதல் படத்தின் பின்னணி 255, 255, 255 என்று இருக்க வேண்டும். அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சத்தில். 245 வந்தாலும் தனியாகப் பார்க்கையில் வெள்ளைதான். இணையப் பக்கத்தின் வெள்ளையில் ஏற்றியதும் படத்தைச் சுற்றி அழுக்காக ஒரு கட்டம் தெரியும்.

கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைத் தாளை ஆட்டோவில் எடுத்தால் சாம்பல் தாள்தான் வரும். உடனே எக்ஸ்போஷரை ஏற்றத் தோன்றும். ஏற்றினால் தாள் வெளுக்கும், கூடவே தோள்பட்டைத் தையலும் காணாமல் போகும். பின்னணிக்குத் தனி வெளிச்சம், பனியனுக்குத் தனி வெளிச்சம், ஒன்று மற்றதன் மேல் படக்கூடாது: என் வேலை முழுவதும் இதில்தான் நிற்கிறது.

அதற்கு முதலில் தேவை இடம். பனியனுக்கும் தாளுக்கும் நடுவே ஆறடியாவது விடுவேன். அப்போதுதான் பனியனின் நிழல் தாளில் விழாது; தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் பனியனின் ஓரத்தைத் தின்னாது. பின்னணிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஃப்ளாஷ், ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கத்து ஓரத்தைப் பார்த்தபடி. இப்படித் திருப்பினால்தான் வெளிச்சம் நடுவில் குவியாமல் பரவும். அவற்றுக்கும் பனியனுக்கும் இடையே கறுப்புத் துணி சுற்றிய தெர்மாகோல் பலகைகள்.

அடுத்து, பின்னணி விளக்குகளை மட்டும் போட்டு ஒரு படம். பனியன் இருட்டு உருவமாக, ஓரம் கத்தி போல் நிற்க வேண்டும். கை ஓரத்தில் லேசாக ஒளிர்ந்தாலும் வெளிச்சம் கசிகிறது என்று பொருள். பலகையை நகர்த்துவேன், பனியனை இன்னும் ஓரடி முன்னே இழுப்பேன். இது சரியாகும்வரை முன் விளக்கைத் தொடவே மாட்டேன்.

முன் விளக்கைப் பக்கவாட்டில் வைப்பேன். நேரே அடித்தால் துணி தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்து சரிந்து விழும்போதுதான் கழுத்து ரிப்பின் கோடு ஒவ்வொன்றும் எழும்பி வரும். பனியனுக்கு எஃப் 8 என்றால் தாளுக்கு எஃப் 11, அதற்கு மேல் வேண்டாம். கூடுதல் வெளிச்சம் தாளை மேலும் வெள்ளையாக்காது, லென்ஸுக்குள் புகுந்து படத்தை வெளிறடிக்கும். பனியனின் ஆகப் பிரகாசமான இடம் 240 அளவில் நின்றால் எனக்குத் திருப்தி.

கடைசியாக ஃப்ரேமுக்குச் சற்று வெளியே இருபுறமும் கறுப்பு அட்டை. அவை அங்கே நின்றாலே பனியனின் ஓரத்தில் மயிரிழை அளவுக்குச் சாம்பல் கோடு விழும். அந்தக் கோடுதான் வெள்ளையை வெள்ளையிலிருந்து பிரிக்கிறது. அட்டையை ஒரு சாண் தள்ளினால் கோடு மெலிகிறது, நெருக்கினால் தடிக்கிறது. அந்த இடத்தைத் தேடுவதில் எவ்வளவு நேரம் போனாலும் எனக்கு அலுக்காது.

வெள்ளைத் துணிக்குச் சாயப்பட்டறையில் வெண்மை கூட்டும் ரசாயனம் ஏற்றியிருப்பார்கள். அது ஃப்ளாஷிலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழும். அதனால் சில பீஸ்கள் படத்தில் நீலம் பாரிக்கும். புற ஊதாவைத் தடுக்கும் ஜெல்லை முன் விளக்கில் மாட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எப்படியோ எடுத்துவிட்டு ஃபோட்டோஷாப்பில் வெட்டிக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பருத்தியின் ஓரத்தில் நுண்ணிய பிசிறு இருக்கும். அது பருத்தி என்று கண்ணுக்குச் சொல்வதே அந்தப் பிசிறுதான். வெட்டும்போது முதலில் போவதும் அதுவே.

“அண்ணா, பின்னாடி இன்னும் கொஞ்சம் வெள்ளை ஏத்துங்க” என்று கம்பெனி மெர்ச்சண்டைசர்கள் கேட்பார்கள். ஃபோட்டோஷாப்பின் த்ரெஷோல்டை 255-இல் வைத்துக் காட்டுவேன்; 255-ஐ எட்டாத இடமெல்லாம் அதில் கறுப்பாகிவிடும். தாள் முழுக்க வெள்ளையாகவே நிற்கும். கறுப்பாகத் தெரிவது பனியன் மட்டும். மூலையில் எங்காவது கறுப்பு ஒட்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் பிரஷ்ஷால் வெளுப்பேன். லெவல்ஸைப் படம் முழுவதற்கும் இழுத்தால் கழுத்து ரிப்பும் கூடவே போய்விடும்.