சுண்டுவிரல் எட்டலையா?

கிட்டார் வாங்குற நம்ம ஊர்ப் பயலுகளுக்கு எல்லாம் ஒரே கனவுதான். 1982-ல வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துல 'இளைய நிலா' பாட்டுக்கு வர்ற கிட்டாரை ஒரு நாளாவது வாசிச்சுடணும். எனக்கும் அதேதான். 2020 கடைசியில வீட்ல இருந்தே பொட்டி தட்டுங்கன்னு ஆபீஸ்ல சொன்னப்போ, லேப்டாப்போட ஒரு கிட்டாரும் கோவில்பட்டி வந்து சேர்ந்துச்சு.

மூணு மாசம் நல்லாத்தான் போச்சு. சி, ஜி, டி, ஈ மைனர்னு ஒவ்வொரு கார்டா பிடிபட்டுது. நாமளும் வித்வான்தான் போலன்னு நினைச்ச நேரத்துல வந்தது பி மைனர். தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். ஆட்காட்டி விரல் ரெண்டாவது ஃப்ரெட்ல தந்திகளை அமுக்கிட்டுப் படுத்திருக்கணும். நடுவிரல் மூணாவது ஃப்ரெட்ல. மோதிர விரலும் சுண்டுவிரலும் நாலாவது ஃப்ரெட்ல, பக்கத்துப் பக்கத்துத் தந்தியில. மத்த மூணு விரலும் போய் உட்கார்ந்துடும். சுண்டுவிரல் மட்டும் கல்யாண வீட்டுல கோவிச்சுக்கிட்ட மாமன் மாதிரி தனியா நின்னுக்கிட்டு இருக்கும். வலுக்கட்டாயமா வச்சு மீட்டினா 'பொத்'துன்னு ஒரு சத்தம்.

விரல்ல வலு இல்லைன்னு நானே முடிவு கட்டிட்டேன். கையில வச்சு அமுக்குற ஸ்பிரிங் ஒண்ணு வாங்கினேன். ராத்திரி வேலை முடிஞ்சதும் முதல் ஃப்ரெட்ல இருந்து நாலாவது ஃப்ரெட் வரைக்கும் விரலுக்கு ஒரு ஃப்ரெட்டா விரிச்சு வச்சு ஒரு மணி நேரம் பயிற்சி. வலிச்சாத்தான் வலு ஏறும்னு ஒரு நினைப்பு. ரெண்டு வாரத்துல ஏறினது வலி மட்டும்தான். சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டுல ஆரம்பிச்சு முழங்கை வரைக்கும் சுண்டி இழுத்துச்சு. காலையில கீபோர்டுல கண்ட்ரோல் பட்டனை அமுக்க முடியல. அது இடது கை சுண்டுவிரல் பண்ற வேலை. கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி போட முடியலைன்னா ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் பொழப்பு என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க மக்களே! சிரிப்பா இருந்தாலும் அன்னைக்கு உண்மையிலேயே பயந்துட்டேன். வீட்ல வர்ற ஒரே சம்பளம் என்னோடதுதான்.

எலும்பு டாக்டர் பார்த்துட்டு, மூணு வாரம் கிட்டாரைத் தொடக் கூடாது, ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடுன்னு சொல்லிட்டார். சும்மா இருந்த மூணு வாரத்துல விரலைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல் ஆச்சரியம், விரலுக்குள்ள தசையே கிடையாது. விரலை மடக்குற பெரிய தசைகள் முன்கையில இருக்கு. அங்கிருந்து நரம்பு மாதிரி நாண்கள் மணிக்கட்டு வழியா விரலுக்கு வருது. உள்ளங்கையில இருக்கிற சின்னத் தசைகள் பக்கவாட்டு அசைவுக்கு உதவி பண்ணுது. ஆழத்துல இருக்கிற தசையில நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூணும் கூட்டுக் குடும்பம். ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. மத்த விரல்களை இன்னொரு கையால நேராப் பிடிச்சுக்கிட்டு, சுண்டுவிரலை மட்டும் நடுக்கணுவில மடக்குங்க. நிறைய பேருக்கு மடங்கவே மடங்காது. மோதிர விரலை விட்டாத்தான் சேர்ந்து மடங்கும். எனக்கும் அப்படித்தான். இது நோய் இல்லை, பிறப்பிலேயே வர்ற அமைப்பு.

அதுக்காக சுண்டுவிரல் சோப்ளாங்கின்னு நினைச்சுடாதீங்க. கரிசக்காட்டுல மம்பட்டி பிடிக்கிறவங்க கையைக் கவனிச்சுப் பாருங்க. பிடியோட கடைசியைக் கவ்வி நிக்கிறது மோதிர விரலும் சுண்டுவிரலும்தான். சேர்ந்து வேலை செய்யத் தெம்பு இருக்கு, தனியா வேலை செய்யப் பழக்கம் இல்லை. நான் தெம்பைக் கூட்டப் போய்த்தான் மாட்டிக்கிட்டேன்.

ரெண்டாவது, நம்ம துறை சம்பந்தப்பட்டது: கணக்கு. ஃப்ரெட்டுங்க சம தூரத்துல இருக்காது, மேல போகப் போக நெருங்கும். ஒவ்வொரு ஃப்ரெட்டும் மிச்சம் இருக்கிற தந்தி நீளத்துல சுமார் பதினெட்டுல ஒரு பங்கு. என் கிட்டார்ல தந்தி நீளம் 650 மி.மீ. முதல் ஃப்ரெட் கம்பிக்கும் நாலாவது ஃப்ரெட் கம்பிக்கும் நடுவுல தூரம் சுமார் 98 மி.மீ. அதே மூணு ஃப்ரெட் தாண்டல், ஏழாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவுல 69 மி.மீ.தான். கிட்டத்தட்ட மூணு செ.மீ. குறைவு! நான் இருக்கிறதிலேயே கஷ்டமான இடத்துல போய் விரலை முறிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

மூணாவது பாடம் புத்தகத்துல கிடைக்கல, எங்க தெருவுலயே கிடைச்சுது. எங்க ஊருக்கும் நாதஸ்வரத்துக்கும் உள்ள தொடர்பு தெரியும்ல? காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) வாழ்ந்த ஊரு. 1962-ல வந்த 'கொஞ்சும் சலங்கை'யில எஸ். ஜானகி குரலோட போட்டி போடுதே ஒரு நாதஸ்வரம், அது அவரோடது. எங்க தெருவுல நாதஸ்வரம் வாசிக்கிற அண்ணாச்சி ஒருத்தர் இருக்கார். கையில கட்டோட திரிஞ்ச என்னைப் பார்த்து என்னன்னு கேட்டார். சொன்னேன். உள்ள போய் வாத்தியத்தை எடுத்துட்டு வந்தார்.

நாதஸ்வரத்துல விரல் வைக்கிற துளை ஏழு. மேல் கையில மூணு விரல், கீழ் கையில நாலு. கடைசித் துளை சுண்டுவிரலுக்கு. அண்ணாச்சி வச்சிருக்கிறது பாரி. திமிரியை விட நீளம், அதனால துளைகளுக்கு நடுவுல இடைவெளியும் அதிகம்.

"எங்கப்பா முதல்ல பாரியத் தந்தப்ப எனக்கும் கடைசித் துளை எட்டல தம்பி. நானும் உன்ன மாதிரிதான் விரல இழுத்தேன். மண்டையில ஒரு கொட்டு வச்சாரு. சுண்டுவிரல இழுக்காதல, கையைக் கொண்டு போன்னாரு."

அப்புறம் என் கிட்டாரை எடுத்துட்டு வரச் சொன்னார். அவர் வாழ்க்கையில கிட்டாரைத் தொட்டதில்லை. ஆனா என் கையை ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "கிரிக்கெட் மட்டை பிடிக்க மாதிரில்லா பிடிச்சிருக்க" அப்படின்னார். அதேதான் விஷயம். கட்டைவிரல் கழுத்துக்கு மேல கொக்கி போட்டிருந்துச்சு. அதனால உள்ளங்கை சாய்ஞ்சு, ஆட்காட்டி விரல் பக்கம் ஒட்டியும் சுண்டுவிரல் பக்கம் விலகியும் நின்னுச்சு. பாவம், நாலு விரல்லயும் குட்டையானது, அதைப் போய் தூரத்துல நிப்பாட்டி வச்சுட்டு எட்டலைன்னு திட்டினா?

மூணு வாரம் முடிஞ்சு திரும்ப ஆரம்பிச்சப்போ நான் மாத்தினது இதெல்லாம்:

1. கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னாடி, நடுவிரலுக்கு நேர் எதிர்ல. மணிக்கட்டை ரொம்ப மடக்காம, நாலு விரலோட அடிக்கணுவும் கழுத்துக்கு இணையா வர்ற மாதிரி. இது ஒண்ணுலயே சுண்டுவிரல் பாதி தூரம் கிட்ட வந்துடுச்சு.

2. இடது காலுக்கு அடியில வீட்டு மணைப்பலகை. கிட்டாரோட தலை மேல எழும்பும், மணிக்கட்டு நேராகும். கிளாசிக்கல் கிட்டார்க்காரங்க இதுக்குன்னே குட்டி ஸ்டூல் வச்சிருப்பாங்க.

3. பயிற்சி ஏழாவது ஃப்ரெட்ல ஆரம்பம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு விரலுக்கு ஒரு ஃப்ரெட், மெதுவா. சுத்தமா சத்தம் வந்தா அடுத்த வாரம் ஒரு ஃப்ரெட் கீழ. அவசரமே கிடையாது.

4. விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டிப் பின்னாடி வச்சு, லேசாத் தொட்டுட்டுக் கொஞ்சம் கொஞ்சமா அமுக்குறது. இரைச்சல் நின்னு சுத்தமான சுரம் வந்த இடத்தோட போதும். நான் அமுக்கிட்டு இருந்ததுல பாதி கூடத் தேவைப்படல.

5. மோதிர விரலை ஊன்றி வச்சுக்கிட்டு, சுண்டுவிரலால தந்தியைத் தட்டிச் சுரம் எழுப்புறது, அப்புறம் சுண்டி விடுறது. ஒரு நிமிஷம், அவ்வளவுதான். தூக்கும்போது விரல் வானத்துக்குப் போகாம தந்திக்கு மேலேயே நிக்கணும்.

6. மொத்தமே பத்து நிமிஷம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வலிச்சா அன்னைக்கு லீவு.

இன்னொண்ணு, கிட்டாரையும் ஒரு தடவை சந்தேகப்படுங்க. என்னோடதுல தந்தி பலகையை விட்டு ரொம்ப உசரமா நின்னுச்சு. கடையில கொடுத்துக் கீழ இருந்த தாங்கியைத் தேய்ச்சு இறக்கி, மெல்லிசுத் தந்தி போட்டதும் வேற கிட்டார் மாதிரி ஆயிடுச்சு.

இவ்வளவும் சொல்லிட்டு ஜாங்கோ ரைன்ஹார்டைச் சொல்லாம விட்டா பாவம். 1928-ல ஒரு தீ விபத்துல அவரோட இடது கை மோதிர விரலும் சுண்டுவிரலும் கருகி முடங்கிப் போச்சு. மனுஷன் மிச்சம் ரெண்டு விரலை வச்சே தனி வாசிப்பு வாசிச்சு ஐரோப்பாவோட பெரிய ஜாஸ் கிட்டார் கலைஞர் ஆனார். அவரும் இல்லாத விரலை இழுக்கல, இருக்கிற விரலுக்குத் தக்கபடி கையை மாத்திக்கிட்டார்.

இப்போ அம்மா விஷயம். இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

கை வலிச்ச அந்த நாட்கள்ல ராத்திரி அம்மா நல்லெண்ணெய் தேய்ச்சு விடுவாங்க. அம்மா வருஷக்கணக்கா தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கினவங்க. பள்ளம் வெட்டின சட்டத்துல குச்சியை ஒண்ணொண்ணா வரிசை பிடிக்கிற வேலை. இத்தனை கட்டைக்கு இவ்வளவுன்னு கூலி. என் இன்ஜினியரிங் ஃபீஸ்ல பாதி அந்த விரல்ல இருந்து வந்தது. இப்பவும் காலையில எழுந்ததும் அவங்க வலது கை மோதிர விரல் மடங்கிப் பூட்டிக்கும். இடது கையால பிடிச்சு நிமிர்த்தி விட்டுட்டு அடுப்பைப் பத்த வைப்பாங்க. நான் சின்ன வயசுல இருந்து பார்த்துட்டு இருக்கேன். பார்த்துட்டுத்தான் இருந்திருக்கேன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

"வலிக்குன்னா நிப்பாட்டிட்டு நாளைக்கு வாசிக்கிறது. கூலிக்கா வாசிக்க?" அப்படின்னாங்க.

"நீங்க ஏம்மா அப்ப நிப்பாட்டல?"

"ஏய்யா, நிப்பாட்டுனா யாரு தருவா?"

அடுத்த வாரம் அதே எலும்பு டாக்டர்கிட்ட அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். என் கைக்கு ரெண்டே வாரத்துல ஓடினவன், அவங்க விரலுக்கு இத்தனை வருஷம் கழிச்சுப் போனேன். ஊசி போட்டாங்க. முழுசா சரியாகல, ஆனா காலையில இடது கை உதவி முன்ன மாதிரி அடிக்கடி தேவைப்படறதில்லை.

பி மைனர் பிடிபட எனக்கு நாலு மாசம் ஆச்சு. முதல் தடவை ஆறு தந்தியும் ஒட்டு மொத்தமா மீட்டிப் பெருமையா அம்மாவைப் பார்த்தேன். "இதுக்கா இந்தப் பாடு?"ன்னு கேட்டுட்டுச் சட்னி அரைக்கப் போயிட்டாங்க. :-)

'இளைய நிலா' இன்னும் வரல.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, கிட்டார் வாத்தியாரும் இல்லை. விரல் மரத்துப் போனாலோ வலி விடாம இருந்தாலோ யூடியூப்ல தேடாம டாக்டரைப் பாருங்க. அப்படியே வீட்ல வேற யாருக்காவது விரல் பூட்டிக்குதான்னும் ஒரு வார்த்தை கேளுங்க.