தாமரைப் பலகையில் இரண்டு சப்பை இதழ்கள்



போன மாதம் நான் போட்ட தாமரைப் பலகைப் படத்துக்கு நிறைய பேர் லைக் போட்டிருந்தீர்கள். "டீச்சர், இது எந்தக் கடையில் வாங்கியது?" என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். கடையில் வாங்கவில்லை, நானே செதுக்கியது. மதுரையில் இருக்கும் என் நாத்தனார் மகள் மட்டும் போனிலேயே கூப்பிட்டு, "அத்தை, இந்த வயசுல உளி எதுக்கு? கையை வெட்டிக்காதீங்க" என்றாள். வெட்டிக்கொண்டாயிற்று, இரண்டு தடவை. அந்தப் பலகையில் ஒரு பக்கத்து இதழ்கள் இரண்டு சப்பையாக இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தும் சொல்லாமல் விட்டிருக்கலாம். அதைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு காலையில் ஸ்ரீரங்கம் வீதிகளைச் சுற்றி நடப்பது என் பழக்கம். கீழச் சித்திரை வீதியில் தேர் நிற்கும் இடத்தில் மூச்சு வாங்க நிற்பேன். நாற்பது வருடமாக வடம் தொட்டுக் கும்பிட்ட தேர்தான். ஆனால் அடிப்பகுதியில் இருக்கும் மரச் சிற்பங்களை ஒரு நாளாவது நின்று பார்த்திருப்பேனா என்றால் இல்லை. சேஷராயர் மண்டபத்துக் கல் குதிரைகளை எல்லாரும் போட்டோ எடுக்கிறோம். தேரில் இருக்கும் மரத்தை யார் பார்க்கிறார்கள்?

அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். அங்கே நிலைக்கதவைக் கழற்ற வந்த ஆசாரியிடம் பேச்சுக் கொடுத்தேன். அறுபதைத் தொட்டவர். சிறு வயதில் அரும்பாவூரில் வேலை பழகியவராம். "கத்துக் கொடுப்பீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். "டீச்சரம்மா, நீங்க விளையாட்டுக்குக் கேக்குறீங்க" என்றார். மறு வாரமும் கேட்டேன். "சரி, ஞாயித்துக்கிழமை வாங்க, ஒரு சோப்பு எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

ஆமாம், குளிக்கிற சோப்புதான். முதல் மூன்று வாரம் சோப்பில்தான் செதுக்கினேன். சோப்பில் நார் கிடையாது, எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே மாதிரி வரும். மரம் அப்படி இல்லை. உளியை நார் போகும் திசையில் தள்ளினால் வெண்ணெய் போல வழித்துக்கொண்டு வரும். எதிர்த்துத் தள்ளினால் உளி உள்ளே இறங்கி, ஒரு சிம்பைப் பிய்த்துக்கொண்டுதான் நிற்கும். பிய்ந்தது பிய்ந்ததுதான், ஒட்ட வைக்க முடியாது.

அரும்பாவூர் பற்றிச் சின்னவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பச்சைமலை அடிவாரத்தில், இப்போது பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1995 வரை அதுவும் நம் திருச்சி மாவட்டம்தான். அந்த ஊர் மரச் சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு, அத்தி என்று பல மரங்களில் சாமி சிலைகள், வாகனங்கள், தேருக்கு வேண்டிய சிற்பங்கள் எல்லாம் செய்கிறார்கள். ஆசாரியோடு ஒரு நாள் பெரம்பலூரில் பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு பட்டறையில் ஆளுயர மரத்துண்டு ஒன்றில் கோடு மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். முகத்தின் நீளம் ஒரு தாலம், அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு அங்குலம். ஒன்பது தாலம் உயரம் வைத்தால் நவதாலம். இந்த அங்குலம் நம் ஸ்கேலில் இருக்கும் அங்குலம் இல்லை. சிலை பெரிதானால் அங்குலமும் பெரிதாகும். விகிதக் கணக்கைப் பிள்ளைகளுக்கு இந்தக் கோட்டை வைத்து நடத்தியிருக்கலாமே என்று வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

பெரிய கடைவீதியில் ஆறு உளி வாங்கினேன். ஆசாரி ஒவ்வொன்றாக எடுத்து, முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். "இது எல்லாம் இரும்பும்மா, இனிமேதான் உளி ஆகணும்" என்றார். அடுத்த ஒரு மாதம் தீட்டுவதற்கே போனது. சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, சரிவை ஏறக்குறைய 25 டிகிரியில் பிடித்து, ஆடாமல் இழுக்க வேண்டும். முதுகுப் பக்கம் விரலை வைத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அதையும் எடுத்தால்தான் உளி தயார். கூர் மழுங்கிய உளிதான் கையை வெட்டும் என்பதை நான் ரத்தம் சிந்தித் தெரிந்துகொண்டேன். அழுத்தம் கூடக்கூட வழுக்கும். ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: பலகையைக் கையில் பிடித்துச் செதுக்காதீர்கள், மேஜையோடு இறுக்கிவிட்டு இரண்டு கையையும் உளிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் அரிவாள்மணையில் காய் நறுக்கிய தைரியத்தில் நான் இதைக் கேட்கவில்லை.

பிறகு வாகைப் பலகை கொடுத்தார். ஒரு சாண் அகலத்தில் எட்டிதழ்த் தாமரை. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, அது வேறு கதை.

வட்டமான பூவைச் சுற்றிச் செதுக்கும்போது நாரின் திசை நான்கு இடத்தில் மாறும். வலது கையால் தள்ளிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் நாருக்கு எதிராக வந்து நிற்போம். நான் எழுந்து மேஜையைச் சுற்றி மறுபக்கம் போனேன். ஆசாரி, "எதுக்கு எந்திரிக்கிறீங்க? உக்காந்த இடத்துலயே கையை மாத்துங்க. உளியை எடது கையில பிடிங்க" என்றார்.

பிடித்தேன். கை கேட்கவில்லை. அறுபத்தைந்து வருடமாக எனக்குச் சொந்தமான கைதான், யாரோ ஒருவருடைய கை மாதிரி நடுங்கியது. இரண்டு இதழ் போனது. அவர் ஒன்றும் திட்டவில்லை. "பழகலை, அவ்வளவுதான். நாளாகும்" என்றார். நான் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் டீ வாங்கப் போனார்.

1988. மூன்றாம் வகுப்பு. என் வகுப்பில் ஒரு பையன் இடது கையால் எழுதுவான். பெயர் போட மாட்டேன். அந்தக் காலத்தில் அதைத் திருத்துவதும் ஆசிரியர் கடமை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவன் அப்பாவும் வந்து, "மாத்தி விட்டுருங்க டீச்சர்" என்றார். அவர் சொன்னார் என்பதற்காக நான் செய்ததை அவர் மேல் போட முடியாது. சிலேட்டுக் குச்சி இடது கைக்குப் போகும்போதெல்லாம் ஸ்கேலால் முட்டியில் தட்டினேன். அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்காரச் சொன்னேன். அரையாண்டுத் தேர்வுக்குள் வலது கையால் எழுத ஆரம்பித்துவிட்டான். ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொன்னேன். மற்ற டீச்சர்கள் பாராட்டினார்கள்.

அவன் சிலேட்டில் தேர் வரைவான். ஸ்ரீரங்கம் தேர், சக்கரம், வடம், குதிரை எல்லாம் இருக்கும். அது இடது கையால் வரைந்தது. கை மாறிய பிறகு அவன் தேர் வரைந்து நான் பார்த்த நினைவில்லை. எழுத்து கோணலாக, மெதுவாக வரும். "ஏன்டா இவ்வளவு நேரம்?" என்று அதற்கும் நான்தான் கேட்டேன். வேறு கையால் ஒரு கோடு இழுப்பது எவ்வளவு பாடு என்று எனக்கு அப்போது தெரியாது. எட்டு வயதுப் பிள்ளை அதை ஒரு வருடம் முழுக்க, அடியும் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறான். எனக்கு ஒரு மணி நேரம் தாங்கவில்லை. அதுவும் பக்கத்தில் ஸ்கேலோடு யாரும் நிற்காமல்.

அவனுக்கு இப்போது நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து இருக்கும். பழைய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார்கள், மேற்கொண்டு தெரியவில்லை. தம்பி, நீ இதைப் படிக்க நேர்ந்தால், நான் செய்தது தப்பு. உன்னிடம் நேரிலேயே சொல்ல வேண்டும். எழுத இஷ்டம் இருந்தால் இன்பாக்ஸில் எழுது. இல்லாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. மற்றவர்கள் யாரும் கமென்ட்டில் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். "உங்க மேல என்ன டீச்சர் தப்பு, அந்தக் காலம் அப்படி" என்றும் எழுத வேண்டாம். அதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அந்தச் சப்பை இதழ்களைச் சரிசெய்து தருவதாக ஆசாரி சொன்னார், நான் கொடுக்கவில்லை. வீட்டில் தினமும் கால் மணி நேரம் இடது கையால் வெறும் நேர்கோடு வெட்டிப் பழகுகிறேன். கோடு இன்னும் கொஞ்சம் வளைந்துதான் போகிறது. வருகிற ஞாயிறு அடுத்த பலகை. தும்மல் தாங்கவில்லை, வாகை வேண்டாம், குமிழ் மரம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்.