குட்டி ஜப்பானுக்கு வர்றீங்களா? ஒரு டாக்டரோட பயணக் குறிப்பு

மக்களே, டோக்கியோவுல எந்த ரயில்ல ஏறி எந்த ஸ்டேஷன்ல மாறணும்னு சொல்ல யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. எங்க குட்டி ஜப்பானுக்கு எப்படி வரணும், வந்தா எப்படி சுத்தணும், முக்கியமா எப்படி முழுசா வீடு திரும்பணும்னு சொல்லத்தான் ஆள் இல்லை.

போன வாரம் எனக்கு ஒரு மெசேஜ். "சார், இந்த வருஷம் கார் வேணாம்னு வீட்ல சொல்றாங்க. ரயில்ல வந்து பட்டாசு வாங்கிட்டு ரயில்லயே கொண்டு போயிரலாமா?" அனுப்பினவர் என்னோட பழைய பேஷண்ட். அவர் கதைக்கு அப்புறம் வர்றேன். அவருக்கு எழுதின பதில் நீண்டுக்கிட்டே போச்சு. சரி, எல்லாருக்கும் ஆகட்டுமேன்னு த்ரெட்டா போடுறேன். கொஞ்சம் நீளம். சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

சிவகாசிக்கு குட்டி ஜப்பான்ங்கறது நேரு வச்ச பேர்னு ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஒரு காலத்துல இந்தியாவுக்குத் தீப்பெட்டி ஸ்வீடன்ல இருந்தும் நிஜ ஜப்பான்ல இருந்தும்தான் கப்பல்ல வந்துட்டிருந்துச்சு. 1920கள்ல அய்ய நாடார், சண்முக நாடார்னு சிவகாசிக்காரங்க ரெண்டு பேர் கல்கத்தா வரைக்கும் போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. அப்புறம்தான் பட்டாசு, அச்சகம் எல்லாம். மானாவாரி பூமி, மழை கம்மி, வெயில் ஜாஸ்தி. விவசாயத்துக்குச் சாபமா இருந்த வெயில், மருந்து காயவைக்க வரமாப் போச்சு.

இனி வழி. சென்னையில இருந்து வர்றவங்களுக்கு பொதிகை எக்ஸ்பிரஸ்தான் வசதி. ராத்திரி எழும்பூர்ல ஏறினா காலையில சிவகாசியிலேயே இறங்கிரலாம். கொல்லம் மெயிலும் இந்த வழிதான். இதுல டிக்கெட் கிடைக்கலைன்னா சோர்ந்துடாதீங்க. திருநெல்வேலி பக்கம் போற ஏதாவது ஒரு ரயில்ல விருதுநகர் ஜங்ஷன்ல இறங்குங்க. நேரா நெல்லைக்கும், பிரிஞ்சு சிவகாசி வழியா தென்காசிக்கும் லைன் பிரியுற இடம் அது. அங்கிருந்து சிவகாசி 25 கிலோமீட்டர் சொச்சம்தான், அடிக்கடி பஸ் இருக்கு.

மதுரையில இருந்துன்னா மாட்டுத்தாவணி. ஆரப்பாளையத்துக்குப் போயிட்டு "சிவகாசி பஸ் எங்கே"ன்னு நிக்காதீங்க, அது தேனி, திண்டுக்கல் பக்கம் போறவங்களுக்கு. சுமார் 2 மணி நேரப் பயணம். விமானத்துல வர்றவங்க மாட்டுத்தாவணிக்கே போக வேணாம். ஏர்போர்ட் மதுரைக்குத் தெக்க இருக்கு. ஒரு டாக்ஸி பிடிச்சு திருமங்கலம் வந்துட்டீங்கன்னா விருதுநகர் பஸ் வந்துட்டே இருக்கும்.

கார்ல வர்றவங்க நாலுவழிச் சாலையிலேயே விருதுநகரோ சாத்தூரோ வந்து அங்கிருந்து மெயின் ரோட்டுல திரும்புங்க. கூகுள் மேப் 10 நிமிஷம் மிச்சம்னு சொல்லி ஏதாவது ஒரு கிராமத்து ஒத்தை ரோட்டுல இறக்கி விடும். அந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் பட்டாசு ஆலை இருக்கும், எதிர்ல லோடு லாரி வரும். அந்த 10 நிமிஷம் போனாப் போகுது, விடுங்க.

ஊருக்குள்ள வந்தாச்சு. இங்க ரெண்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சுக்கணும்.

முதல் வார்த்தை ஆபீஸ். "எங்க அம்மா ஆபீஸ் போயிருக்கு"ன்னு ஒரு பையன் சொன்னா, அவங்கம்மா ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கறதா நினைச்சுக்காதீங்க. தீப்பெட்டி ஆபீஸ், ஃபயர் ஆபீஸ். ஆலைக்கு இங்க பேரே அதுதான். எங்க சித்தி 20 வருஷம் ஆபீஸ் போனவங்க. குழாய் உருட்டுற வேலை. நான் எம்பிபிஎஸ் சேர்ந்தப்போ ஹாஸ்டலுக்கு வாங்கிக் கொடுத்த ட்ரங்குப் பெட்டி சித்தியோட தீபாவளி போனஸ்ல வந்தது.

ரெண்டாவது வார்த்தை மருந்து. நான் எழுதிக் கொடுக்கறதும் மருந்து, பட்டாசுக்குள்ள செலுத்துறதும் மருந்து. "மருந்து பட்டுருச்சு சார்"னு கேஷுவாலிட்டிக்கு ஒருத்தர் ஓடி வந்தா, வெளியூர்ல இருந்து மாறுதலாகி வந்த டாக்டர் "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"ன்னு கேட்பார். நான் நேரா தண்ணிக் குழாயைத் திறப்பேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

சாயங்கால பஸ்ல ஏறினா, கை முழங்கை வரைக்கும் வெள்ளி பூசின மாதிரி மினுமினுன்னு சில பேர் நிப்பாங்க. அலுமினியப் பொடி. வேலை முடிஞ்சு போற அக்கா, அண்ணன்மார். வெளியூர்க்காரங்க சில பேர் ஏதோ தோல் வியாதின்னு நினைச்சு சீட்டை விட்டு எந்திரிச்சுப் போறதை என் கண்ணால பார்த்திருக்கேன். அது ஒட்டாது, தொத்தாது. குளிச்சாப் போயிரும். ஒண்ணே ஒண்ணு, அவங்க பக்கத்துல நின்னு பீடி, சிகரெட் பத்த வைக்காதீங்க. துணியில இருக்கறதும் மருந்துதான்.

கடைங்க சாத்தூர் ரோடு, விருதுநகர் ரோடு, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோடுன்னு எல்லாப் பக்கமும் இருக்கு. பஸ் ஸ்டாண்டுலயோ ஸ்டேஷன்லயோ இறங்கி ஆட்டோ பிடிச்சா "அண்ணாச்சி, உங்களை நல்ல கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்"ம்பாங்க. தப்பில்லை. ஆனா லைசென்ஸ் மாட்டியிருக்கற கடையா, பில் தர்றாங்களான்னு மட்டும் பார்த்துக்கோங்க. வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் விலை குறைச்சுத் தர்றேன்னா வந்த ஆட்டோவிலேயே திரும்பிருங்க. பில் இல்லாத சரக்கை எந்த ஊரு எந்த வீட்டுல எந்தக் குழந்தை உட்கார்ந்து உருட்டுச்சுன்னு யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட வீட்டு மருந்துல கருகி வந்தவங்களை நாங்க பார்த்திருக்கோம்.

"ஊருக்கு வரவே வேணாம், ஆன்லைன்ல ஆர்டர் போடுறோம்"னு நினைக்கறவங்களுக்கு: 2018 அக்டோபர்லயே உச்ச நீதிமன்றம் ஆன்லைன் பட்டாசு விற்பனைக்குத் தடை போட்டாச்சு. 80 சதவீதம் தள்ளுபடின்னு வர்ற பாதி வெப்சைட்டு பணத்தை வாங்கிட்டு மறைஞ்சுரும். ஏமாந்திருந்தா 1930க்கு உடனே போன் போடுங்க.

அடுத்தது, நிறைய பேர் ஆசையா கேக்கறது: "பட்டாசு எப்படி செய்யறாங்கன்னு உள்ள போய்ப் பார்க்கலாமா?" பார்க்கக் கூடாது மக்களே. ஒவ்வொரு ரூம்லயும் எத்தனை பேர் இருக்கணும், எவ்வளவு மருந்து இருக்கணும்னு கணக்கு உண்டு. உராய்வு ஒண்ணு போதும். உங்க செல்போன், செருப்பு, ரீல்ஸ் ஆசை எதுக்கும் அங்க இடம் இல்லை.

இதோட சேர்ந்த இன்னொண்ணை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும்.

2012 செப்டம்பர் 5, மதியம். சிவகாசி பக்கத்துல முதலிப்பட்டி. ஆலையில வெடி. அப்போ நான் மருத்துவ மாணவன், லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். தூரத்துல புகை தெரிஞ்சதும் ஊர்ல பாதி பேர் பைக்கை எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. உதவிக்குப் போனவங்க உண்டு, சும்மா பார்க்கப் போனவங்களும் உண்டு. முதல்ல வெடிச்சது சின்னது. கூட்டம் கூடினதுக்கு அப்புறம்தான் பெரிசு வெடிச்சது. அன்னிக்கு செத்தவங்கள்ல நிறைய பேர் ஆலைத் தொழிலாளிங்களே இல்லை, அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க. என் பள்ளிக்கூட சிநேகிதன் ஒருத்தன் வேலிக்கு வெளிய நின்னுட்டிருந்தான். பிழைச்சுக்கிட்டான். முதுகு முழுக்கத் தழும்பு. இன்னிக்கும் வெயில் காலத்துல சட்டையோட அவனால ஒரு மணி நேரம் சேர்ந்தாப்புல உட்கார முடியாது, அரிப்பு. தழும்புத் தோலுக்கு வேர்க்காது, உள்ளுக்குள்ள காந்தும்.

அதனால, நீங்க போற வழியில எங்கயாவது புகை கிளம்பினா, சத்தம் கேட்டா, வண்டியைத் திருப்பிட்டு எதிர்ப்பக்கம் போங்க. 108க்கும் 101க்கும் சொல்லுங்க. ரோட்டை அடைச்சுட்டு வீடியோ எடுக்காதீங்க. அந்த ரோட்டுலதான் ஆம்புலன்ஸ் வரணும்.

சரி, மெசேஜ் போட்டவர் கதைக்கு வர்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. அவர், மனைவி, ரெண்டு பிள்ளைங்க, கார்ல வந்து டிக்கி நிறைய வாங்கிட்டுத் திரும்பறாங்க. நாலுவழிச் சாலையில டீக்கடை ஓரமா வண்டியை நிறுத்திருக்கார். பிள்ளைங்க "ஒண்ணே ஒண்ணுப்பா"ன்னு கேட்ருக்கு. ஒரு புஸ்வாணத்தை எடுத்துப் பத்த வச்சா பத்தலை. குனிஞ்சு பார்த்திருக்கார். அப்பப் பத்தியிருக்கு.

வலது கை, கன்னம், வலது கண். என் முன்னாடி வந்து நிக்கும்போது முகமெல்லாம் வெள்ளையா இருக்கு. எனக்குத் திக்குனு ஆச்சு. கிட்ட போனா புதினா வாசம். பயணப் பையில இருந்த டூத்பேஸ்ட்டை எடுத்து அப்பியிருக்காங்க. வந்து சேர 40 நிமிஷம் ஆயிருக்கு, அந்த 40 நிமிஷமும் கார்ல 2 லிட்டர் தண்ணி பாட்டில் மூணு சும்மா கிடந்திருக்கு.

பேஸ்ட்டைக் கழுவி எடுக்கறதுக்குள்ள அவர் கத்தின கத்து வேற. கை வீங்கி மோதிரம் விரலை இறுக்கிருச்சு, நுனி நீலமா ஆயிட்டிருக்கு. வெட்டித்தான் ஆகணும். அந்தம்மா "சார், அது கல்யாண மோதிரம்"னு அழறாங்க. "மோதிரம் போனா வாங்கிக்கலாம் தங்கச்சி, விரல் போனா வாங்க முடியாது"ன்னேன். வெட்டி ரெண்டு துண்டையும் கவர்ல போட்டு அவங்க கையிலேயே கொடுத்தோம். கண்ணைக் கழுவி, 108 வச்சு மதுரைக்கு அனுப்பிட்டேன். சின்னப் பொண்ணு ஆம்புலன்ஸ்ல ஏறும்போது "நான்தான் கேட்டேன்"னு ஒண்ணு சொல்லுச்சு. அதுக்கு நான் பதில் சொல்றதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க.

பார்வை திரும்பிருச்சு. கண்ணாடி போட்டிருக்கார். கையில தழும்பு இருக்கு.

ஆகவே வழியில தீப்புண் பட்டா என்ன செய்யணும்: பட்ட இடத்துல சாதாரணத் தண்ணியை 20 நிமிஷம் ஊத்திக்கிட்டே இருங்க. 20 நிமிஷம்னா கடிகாரத்தைப் பார்த்து. ஐஸ் வேணாம், பேஸ்ட், மஞ்சள், இங்க், எண்ணெய் எதுவும் வேணாம். மோதிரம், வளையல், வாட்ச், அரைஞாண் கயிறு எல்லாத்தையும் வீங்குறதுக்கு முன்னாடியே கழட்டிருங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க. சுத்தமான துணியால லேசா மூடி ஆஸ்பத்திரிக்கு வாங்க. கண்ணுல பட்டா கசக்காம தண்ணி விட்டுக் கழுவிட்டு ஓடி வாங்க, காத்திருந்து பார்க்கற வேலை வேணாம். சிவகாசி அரசு மருத்துவமனையில தீக்காயத்துக்குன்னே தனி வார்டு இருக்கு. விருதுநகர்ல 2022ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. பெரிய கேஸ்னா மதுரை ராஜாஜி. எதுலயும் காசு கேக்க மாட்டாங்க, அதனால முதல்ல பிரைவேட்டைத் தேடி அலைஞ்சு நேரத்தைக் கரைக்காதீங்க.

இப்போ அவர் கேட்ட கேள்வி. ரயில்ல பட்டாசு கொண்டு போகவே கூடாது. ஒரு பெட்டி, ஒரு கம்பி மத்தாப்பு பாக்கெட் கூட. ரயில்வே சட்டம் 164வது பிரிவு, 3 வருஷம் வரைக்கும் ஜெயில். சட்டத்தை விடுங்க. ஓடுற ரயில்ல ஒரு கோச்சுல தீப்பிடிச்சா எங்க ஓடுவீங்க? பஸ்லயும் இதே கதைதான். சீட்டுக்கு அடியில துணிப்பையில மறைச்சு வச்சா கண்டக்டருக்குத் தெரியாது, தீப்பொறிக்குத் தெரியும்.

வாங்கின கடையிலயே சொன்னா லாரி டிரான்ஸ்போர்ட்டுல உங்க ஊருக்குப் போட்டு விடுவாங்க, அங்க போய் எடுத்துக்கலாம். தீபாவளிக்கு 15 நாளாவது முன்னாடி போட்டாத்தான் நேரத்துக்கு வரும்.

இல்லை, கார்லதான் கொண்டு போவேன்னா கொஞ்சமா வாங்குங்க. டிக்கியில வைங்க, பிள்ளைங்க காலடியில வேணாம். சிஎன்ஜி கார்னா டிக்கிக்குள்ள சிலிண்டர் இருக்கும், அதுல வைக்கவே வேணாம். பெட்டியைப் பிரிக்காதீங்க, வழியில "செக்" பண்ணாதீங்க, வெயில்ல கண்ணாடியை ஏத்தி மணிக்கணக்கா நிறுத்தாதீங்க, வண்டிக்குள்ள சிகரெட் கூடாது. பைக்ல சைலன்ஸர் பக்கம் பையைத் தொங்க விட்டுட்டுப் போறவங்களைப் பார்த்தா எனக்கு டிரிப் போடுற கை தானா அரிக்குது.

லாட்ஜ் தீபாவளிக்கு முந்தின ரெண்டு வாரமும் கிடைக்கறது கஷ்டம். விருதுநகர்லயோ ஸ்ரீவில்லிபுத்தூர்லயோ தங்கிட்டு காலையில வந்துருங்க. விருதுநகர்ல தங்கினா ராத்திரிக்குப் பொரிச்ச பரோட்டா சாப்பிடாமப் போகாதீங்க. டாக்டரா ஒண்ணு போதும்னு சொல்லணும். சொல்லிட்டேன்.

கடைசியா அவருக்கு எழுதின பதில் இதுதான்: "அண்ணே, பொதிகையில வாங்க. பட்டாசை லாரியில போடுங்க. திரும்பும்போது ரயில்ல கையோட கொண்டு போக ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருக்கு, சாத்தூர் காராச்சேவு இருக்கு, அச்சகத்துல கேட்டா அடுத்த வருஷ காலண்டர் கிடைக்கும். பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. அன்னிக்கு அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்ல விட்டுப்போச்சு. எனக்கு செவ்வாய், வெள்ளி பகல் டியூட்டி."